பசிக்கு வாங்குகிறவர்கள்

மரைக்கான்திடலில் தை மாதத்துப் பனி வெயில் ஏறும் வரைக்கும் தெருவை விட்டு நகராது. வேதாரண்யம் போகிற முதல் பேருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை அடித்துக்கொண்டே ஊரைத் தாண்டும். அந்தப் பனிக்குள்ளிருந்து "இடியாப்பேம்..." என்று ஒரு குரல் இழுத்தால் அது ஆமினா. கூவிப் பழகாத குரல். பாதியில் வெட்கப்பட்டு நின்றுவிடும். மீதியை அவளுடைய பழைய மொபெட்டின் சத்தம் சொல்லும்.

அந்த மொபெட் சலாஹுதீன் விட்டுப்போனது. அவள் புருஷன். குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டினான். ஒரு மத்தியானம் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தவன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் கபுரைப் படம் எடுத்து அனுப்பினார்கள். மணலும் அதன்மேல் ஒரு கல்லும். பக்கத்திலும் அதே மாதிரி மணல், அதே மாதிரி கல். எது அவனுடையது என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, அது கலங்கிப் போகும்போது கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அதற்குப் பிறகு அவள் வீடு ஊருக்குப் பொதுவான வீடாகிவிட்டது. நோன்பு மாதம் வந்தால் ஜகாத்து அரிசி மூட்டை வாசலில் இறங்கும். மேலே ஒரு சேலை. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கறி வரும். கல்யாண வீட்டிலிருந்து பிரியாணி வரும், கூப்பிடாமலே. மகள் ஷிஃபாவை நாகப்பட்டினத்தில் நர்சிங் படிப்பில் சேர்த்துவிட்டது ஊர்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மரைக்கான்திடல் நல்ல ஊர். அந்த நல்ல ஊரில் அவள் தெருவில் நடந்தால் பெண்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு, "சாப்ட்டியா ஆமினா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு அவள் என்ன பதில் சொன்னாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

போன நோன்பில் மூட்டையோடு வந்தது அனீஸா. பஜாரில் பெரிய மளிகைக் கடை வைத்திருக்கும் மீரா உசேனின் மனைவி. ஆமினாவை விட வயதில் மூத்தவள். ஊரில் எல்லாருக்கும் ராத்தா.

"இந்தா ஆமினா, பொன்னி. பழைய அரிசி. சோறு உதிரி உதிரியா வரும்."

"ராத்தா, இது தீந்துரும்."

"தீந்தா சொல்லி அனுப்பு. வேணாம்னா சொல்லப்போறோம்?"

"அதுக்கில்ல ராத்தா. தீராதது ஏதாச்சும் குடுங்க."

"தீராதது அல்லாகிட்டதான்டி இருக்கு. எங்க கடையில இல்ல."

ஆமினா சிரித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு பெரிய இடியாப்ப அண்டா. பிழியறதுக்கு நல்ல பித்தளை நாழி ஒண்ணு. அத மட்டும் குடுங்க. அடுத்த நோன்புக்கு என் வாசல்ல மூட்டை எறங்கக் கூடாது ராத்தா. எறங்காத மாதிரி நான் ஆயிடணும். அதுக்கு துவா செய்யுங்க."

அனீஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஒரே வாரத்தில் கும்பகோணத்திலிருந்து பாத்திரங்கள் வந்தன.

இடியாப்பம் என்பது பார்க்கத்தான் நூல். அதன் பின்னால் மலை மாதிரி வேலை. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரத்தி, பாதி ஈரத்தில் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து, வாணலியில் வாசனை ஏறும் வரை வறுக்க வேண்டும். பிறகு கொதிக்கிற உப்புத் தண்ணீரை ஊற்றி, கரண்டிக் காம்பால் கிண்டி, சூடு அடங்குவதற்குள் நாழியில் அடைத்துப் பிழிய வேண்டும். மாவு ஆறினால் நாழி நகராது, கை நகர்ந்துவிடும். ஆமினாவின் வலது உள்ளங்கையில் நாழிப்பிடி பதிந்த இடம் காய்த்துப் போயிற்று. தேங்காய்ப்பாலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பினால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் அண்டா காலி. மீதிச் சில்லறையை நீட்டினால் "வச்சுக்கடி" என்பார்கள். ஒருத்தர்கூட ஒரு குறை சொன்னதில்லை.

குறை சொன்னது சுபைதா.

சுபைதா வெள்ளிக்கிழமைதோறும் திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் ஏறி வந்து வீடு வீடாகச் சதகா என்று தர்மம் வாங்கிப் போகிறவள். கால் கொஞ்சம் இழுக்கும், வாய் இழுக்காது. அன்று பள்ளிவாசல் ஓரத்து வேப்பமரத்தடியில் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலி அண்டாவோடு போன ஆமினாவைப் பார்த்ததும், "ஏ புள்ள, நில்லு. இந்த இடியாப்பத்தைச் சுடுறது நீதானே?" என்றாள்.

"ஆமா. ஏன்?"

"கொஞ்ச நாளைக்கு நிறுத்தேன். ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"என்னா சொல்றீங்க?"

"பின்ன என்ன? ராவுத்தர் தெருவுல நொழைஞ்சா இடியாப்பம். பஜார் தெருவுல நொழைஞ்சா இடியாப்பம். அனீஸாம்மா வீட்டுல எப்பவும் கறிச்சோறு போடும், அங்கயும் இடியாப்பம்! 'இந்தாங்க, இது ஆமினாட்ட வாங்குனது, துவா செய்ங்க'ங்கறாங்க. நான் எத்தனை பேருக்குத்தான் துவா செய்வேன்? நாக்கு செத்துப்போச்சு போ." பைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். ஆமினா கட்டிக்கொடுத்த வாழையிலைப் பொட்டலம். கட்டு அவிழ்க்கப்படவேயில்லை.

ஆமினா வீட்டுக்குப் போகவில்லை. நேராக அனீஸா வீட்டுக்குப் போனாள். அனீஸா கொல்லையில் தோசைக்கு உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, நான் சுடுற இடியாப்பத்தை நீங்க ஒரு நாளாச்சும் சாப்ட்டீங்களா?"

அனீஸாவுக்குப் பொய் சொல்ல வராது. "எங்க வீட்டுக்காரவங்களுக்குச் சர்க்கரை. புள்ளைங்களுக்குத் தோசைன்னாத்தான் எறங்குது. அதுக்கென்னடி? வாங்கிக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"மத்த வீட்டுலயும் இப்புடித்தானா?"

"எல்லாரும் சொல்லி வச்சுக்கிட்டோம்டி. ஒன்னைய விட்டுடக் கூடாதுன்னு. ஒன் சரக்கும் வித்துடுது, இல்லாதவங்க வயிறும் நெறையுது. ரெண்டு நன்மை."

"நன்மைக்கு வாங்காதீங்க ராத்தா. பசிக்கு வாங்குங்க."

"பசிக்கலன்னா?"

"வாங்காதீங்க."

அனீஸா உளுந்துத் தண்ணீரைக் கீழே கொட்டினாள். முகம் சிவந்துவிட்டது. "ஒனக்கு நல்லது செஞ்சா இப்புடித்தான் பேசுவியா? எங்க வீட்டுப் பாத்திரம்டி நீ வச்சுப் பொழைக்கிறது."

"அதுனாலதான் ராத்தா கேக்குறேன்" என்றாள் ஆமினா. "அந்தப் பாத்திரத்துல நான் பொழைக்கவே இல்லையே."

மறுநாள் அண்டாவில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்தது. அதற்கு மறுநாள் கொஞ்சமாகச் செய்தாள். அதுவும் மிஞ்சியது. மாசி பிறந்து, பிறை தெரிந்து, நோன்பும் வந்துவிட்டது. இனிமேல் தெருவில் காலையில் சாப்பிட ஆளே கிடையாது. 'நோன்பு பாதிக்கு மேல் மூட்டை வரும், மனசுல ஒண்ணும் வச்சுக்க வேணாம்' என்று அனீஸா ஆள் விட்டுச் சொன்னாள்.

திருத்துறைப்பூண்டி சாலையில் டிராக்டர்கள் நெல் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டேயிருந்தன. சம்பா அறுப்பு. ஆமினா வாசலில் நின்று பார்த்தாள். இவ்வளவு நெல்லும் எங்கேயோ இறங்கியாக வேண்டும். இறக்குகிறவன் காலையில் எதையாவது தின்றாக வேண்டும்.

ஊருக்கு வெளியே, வடிவாய்க்கால் பாலத்தைத் தாண்டி அரசாங்க நெல் கொள்முதல் நிலையம். பெயர்தான் நிலையம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு தூற்றும் இயந்திரம், மீதியெல்லாம் வெட்டவெளி. குவியல் குவியலாக நெல். பக்கத்திலேயே கோணியை விரித்துக் காவல் இருக்கும் விவசாயிகள். இயந்திரம் துப்புகிற பதரும் தூசியும் ஆட்களின் புருவத்திலெல்லாம் அப்பிக் கிடக்கும். ஆமினா மொபெட்டை நிறுத்தியதும், சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த காத்தாயி நிமிர்ந்து பார்த்து, "யோவ் மேஸ்திரி, பாயம்மா ஒருத்தவங்க வந்துருக்காங்க. அண்டாவோட" என்று குரல் கொடுத்தாள்.

மேஸ்திரி கண்ணுசாமி, மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவன். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஆமினா தட்டில் இடியாப்பத்தை வைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் போட்டான். மெல்லுவதை நிறுத்தினான்.

"யம்மா, உங்களுக்கு நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?"

"ஏங்க?"

"உப்பையே காணோம். வர்ற வழியில பாலத்துல எங்கியும் விழுந்துடுச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமினாவுக்குக் காது சுட்டது. விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரம் முடிந்து, சுபுஹு தொழுத பிறகுதான் அவள் அடுப்பு மூட்டியது. மற்ற நாட்களில் கொதிக்கிற தண்ணீரில் கரண்டியை விட்டு நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பாள். நோன்பில் அது இல்லை. நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று ஊரில் சொல்வார்கள். அவளுக்கு மனசு வராது. கைக்கணக்கில் உப்பை அள்ளினாள். போட்டோமா, போடவில்லையா என்றே இப்போது நினைவில்லை.

"நோன்பு வச்சிருக்கேங்க. ருசி பாக்கல."

"நோன்பு உங்களுக்குத்தானம்மா? இடியாப்பத்துக்குமா?"

காத்தாயி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணுசாமி மட்டும் சிரிக்கவில்லை. தட்டைத் திருப்பி அவள் கையில் கொடுத்தான். "எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு உப்போட வந்தா வாங்குறேன். இல்லாட்டி எனக்கு ரோட்டுக்கடை பன்னு இருக்கு."

காசு கொடுக்கவில்லை. ஆமினா கேட்கவும் இல்லை. பாலத்தில் வரும்போது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவமானம்தான். ஆனால் அவமானத்துக்கு உள்ளே வேறொன்றும் இருந்தது. இத்தனை நாளில் அவள் கையிலிருந்து வாங்கிய ஒன்றை யாரும் திருப்பித் தந்ததில்லை. 'பாவம் பொம்பளை' என்று அவன் ஒருதடவைகூட அவளைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தான்.

மறுநாள் ரோசத்தில் உப்பை அள்ளிப் போட்டாள்.

"நேத்து போடாததையும் சேத்துப் போட்டுட்டீங்களா?" என்றான் கண்ணுசாமி. "ஏம்மா, வேதாரண்யத்துல உப்பளம் ஏதும் வெலைக்கு வாங்கிட்டீங்களா?"

"அடங்குய்யா" என்றாள் காத்தாயி. "வெறும் வயித்தோட சுட்டுக் கொண்டாருது அந்தம்மா. பாயம்மா, ஒங்க வீடு எங்க இருக்கு? பள்ளிவாசலுக்குப் பின்னாலயா? நான் அந்த வழியாத்தான் விடியக்காலம் வர்றேன். நாக்கோடதான் வர்றேன். கூப்புட்டா ருசி பாத்துச் சொல்றேன்."

"நெசமாவா?"

"என் வீட்டுக்காரரே எங்கிட்ட இதுவரைக்கும் ருசி கேட்டதில்ல. நீங்களாச்சும் கேளுங்க. ஆனா ஒண்ணு. ருசி பாக்குறதுதான் ஓசி. தின்னா காசு குடுத்துத்தான் திம்பேன்."

அப்படித்தான் காத்தாயி கொல்லைப்புறமாக வர ஆரம்பித்தாள். பனி ஒட்டிய சேலையோடு வந்து உள்ளங்கையை நீட்டுவாள். ஆமினா கரண்டியிலிருந்து ஒரு சொட்டுச் சூடான உப்புத் தண்ணீர் விடுவாள். காத்தாயி நக்கிப் பார்த்துக் கண்ணை மூடுவாள், பெரிய டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி. "இன்னுங் கொஞ்சம்... ம். போதும்." பிறகு அடுப்போரம் குந்தி ஊர்க்கதை பேசுவாள். தேங்காய்ப்பாலை நிறுத்தச் சொன்னதும் அவள்தான்.

"மூட்டை தூக்குறவன் இத குடிச்சா தூக்கந்தான் வரும். கருவாட்டுக் குழம்பு வைங்க. நல்லா உறைப்பா. மூக்குல தண்ணி வரணும்."

"நோன்போட கருவாடு வாசம் புடிக்கச் சொல்றியா?"

"நீங்க மூக்கைப் புடிச்சுக்கிட்டு வைங்க. நான் நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கிறேன்."

கருவாட்டுக் குழம்பு வந்த நாளில் கண்ணுசாமி இரண்டாம் தடவை வாங்கினான். பாராட்டவில்லை. "நாளைக்குக் குழம்பு கூடக் கொண்டாங்க. இது என்ன, பல்லுக்கே பத்தல" என்றான். விலையில் பேரம் பேசினான். அவளும் விடவில்லை. விவசாயிகளும் வாங்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் தனக்குத்தானே பேசிக்கொண்டு வருவதை ஒருநாள் ஆமினா கண்டுபிடித்தாள். நாளைக்குப் புளியைக் குறைக்க வேண்டும் என்று.

சாயங்காலம்தான் கஷ்டம். நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் பாத்திரச் சத்தம் கேட்கும். அவள் வீட்டில் ஒரு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் தண்ணீர், எதிரே சுவர். சலாஹுதீன் இருந்தபோது அங்கே நோன்பு திறந்துவிட்டுக் கூப்பிடுவான். இங்கே அவள் தொழுதுவிட்டுப் படுக்கப் போகிற நேரமாக இருக்கும். "என்னா சமைச்சே புள்ள?" என்பான். வெறும் ரசம் வைத்திருந்தாலும் ஆட்டுக்கறி என்பாள். "பொய்யி" என்று சிரிப்பான். "சரி, அந்தப் பொய்யிலயே ரெண்டு கரண்டி போடு." இப்போது ஷிஃபா ஹாஸ்டலிலிருந்து பேசுவாள். அவளுக்கும் சாப்பாட்டைத்தான் கேட்கத் தெரியும். பேசி முடித்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும்.

நோன்பு பாதி தாண்டியபோது மழை பிடித்தது. மாசியில் வரக்கூடாத மழை. கடலில் ஏதோ சுழிக்கிறது என்றார்கள். அறுக்காத பயிர் படுத்துக்கொண்டது. கொள்முதலை நிறுத்திவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். காத்தாயியும் கொல்லைப்பக்கம் வரவில்லை. நெல் வாங்கவில்லை என்றால் மூட்டை இல்லை, மூட்டை இல்லை என்றால் தூக்குகிற ஆளும் இல்லை. ஆமினா அப்படித்தான் கணக்குப் போட்டாள். வறுத்த மாவை டின்னில் போட்டு மூடினாள். ஒரு நாள் போயிற்று. இன்னொரு நாளும் போயிற்று. அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள். சஹருக்கு இரண்டு வேளை வரும்.

அன்று மத்தியானத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அனீஸாவின் கணவர் மீரா உசேன் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். அண்ணன் முறையில் ஊருக்கே அவர் காக்கா. பின்சீட்டில், நனையாமல் இருக்கத் தார்ப்பாய் சுற்றிய மூட்டை.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஆமினா, எறக்கச் சொல்லவா? எங்க வைக்கிறது?"

ஆமினா ஸலாமுக்குப் பதில் சொன்னாள். பார்வை மூட்டைக்குப் போயிற்று. பொன்னி அரிசி. சோறு உதிரி உதிரியாக வரும். வேண்டாம் என்று சொல்ல அவள் பானையில் தைரியம் இல்லை. வாங்கிக்கொள்ளலாம், இந்த ஒரு தடவை, மழை விட்டதும் பார்க்கலாம் என்று மனசு சொன்னது. போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் அதே மனசுதான் அதையேதான் சொன்னது.

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஆட்டோக்காரன் தார்ப்பாயை அவிழ்க்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் தெருமுனையிலிருந்து ஒரு ஆள் வந்தான். உரச்சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறு. ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தபடி வந்தவன் ஆமினாவைக் கண்டதும் நின்ற இடத்திலிருந்தே கத்தினான்.

"ஏம்மா, ஆளை வச்சுப் பட்டினி போட்டுட்டு இங்க நிக்கிறீங்களா நீங்க?"

கண்ணுசாமி.

"கொள்முதல் நின்னுடுச்சுன்னாங்களே..." என்றாள் ஆமினா.

"வாங்குறதுதான் நின்னுச்சு. வாங்கி அடுக்குனதெல்லாம் யாரு பாக்குறது, உங்க அத்தாவா? ராத்திரி பகலா தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கிட்டு, தண்ணிய வெட்டி விட்டுக்கிட்டு கெடக்கோம். மழையிலதாம்மா எங்களுக்கு வேலையே. காத்தாயி நேத்துலேருந்து வீட்டுக்கே போகல. ரோட்டுக்கடைக்காரன் சாத்திட்டுப் போயிட்டான். வெவசாயி அத்தனை பேரும் அங்கதான் கெடக்கான். பாயம்மா வரும் வரும்னு பாலத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். வர முடியாதுன்னா முன்னாடியே சொல்லணும்ல? யாவாரம்னா ஒரு நாணயம் வேணாமா?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. மீரா உசேனுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருய்யா நீ? பொம்பளப்புள்ளைகிட்ட வந்து இப்புடிச் சத்தம் போடுறே? அது நோன்போட நிக்கிது."

"நீங்க இருங்க காக்கா" என்றாள் ஆமினா. அவள் முகம் என்னவோ ஆகியிருந்தது. "அவங்க சொல்றது சரிதான். தப்பு என்னுதுதான்." கண்ணுசாமியிடம் திரும்பினாள். "எத்தனை பேரு இருக்கீங்க?"

"நீங்க அண்டா நெறையக் கொண்டாங்க. மிஞ்சாது."

"சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பின்னாடிதான் முடியும். குழம்பும் வைக்கணும்."

"எப்ப வந்தாலும் சரி. வாங்க. அவ்வளவுதான்."

அவன் போய்விட்டான். ஆட்டோக்காரன் மூட்டையின் காதைப் பிடித்தபடி நின்றான். மீரா உசேன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"எறக்க வேணாம் காக்கா" என்றாள் ஆமினா. "இது எறங்குனா, அவங்களுக்கு நான் பிழியுறதும் உங்க தர்மம் ஆயிடும். ராத்தா கோவிச்சுக்குவாங்க. நான் வந்து கையைப் புடிச்சுப் பேசிக்கிறேன். இப்ப எனக்கு நேரமில்ல. வேலை தலைக்கு மேல கெடக்கு."

"புடிச்ச புடிதான் ஒனக்கு" என்றார் மீரா உசேன். குடையை மடக்கினார். ஆட்டோவில் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார். "புளி, மொளகாத்தூள் வேணும்னா நோன்பு தொறக்கறதுக்கு முன்னாடி வந்து வாங்கிக்க. கடைய சாத்திடுவேன். ஒனக்காகத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியாது."

"வர்றேன் காக்கா. மொளகாத்தூள் போன தடவை காரமே இல்ல. நல்லதா எடுத்து வைங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சிரித்து, ஆட்டோக்காரன் முதுகைத் தட்டினார். "போடா."

பிறகு நடந்ததெல்லாம் கையும் நெருப்பும்தான். கடைக்கு ஓடிப் புளியும் மிளகாய்த்தூளும் வாங்கி வந்து குழம்பைக் கூட்டினாள். மாவைக் கிண்டினாள், பிழிந்தாள், அவித்தாள், தட்டினாள், மறுபடி பிழிந்தாள். ருசி பார்க்க ஆள் இல்லை. உப்பைக் கையில் எடுத்து ஒரு கணம் நின்றாள். காத்தாயியின் கண் மூடிய முகத்தை நினைத்துக்கொண்டு போட்டாள். கொல்லையில் வாழை இலைகளை அறுத்துக்கொண்டு, அண்டாவைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டி, மொபெட்டை மழைக்குள் தள்ளினாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் தண்ணீர். நெல் குவியல்கள் கறுப்புத் தார்ப்பாய்க்குள் யானைகள் படுத்த மாதிரி கிடந்தன. முளைவிட்ட நெல்லின் புளித்த வாடை காற்றில் இருந்தது. தகரக் கொட்டகைக்குள் ஆட்கள் நனைந்த துணியோடு குந்தியிருந்தார்கள். மொபெட் சத்தம் கேட்டதும் எல்லாரும் எழுந்தார்கள். "அந்தா வந்துருச்சுய்யா!" என்று காத்தாயி ஓடிவந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள்.

இலைகள் விரிந்தன. ஆமினா வேகவேகமாகப் பரிமாறிக்கொண்டு போனாள். ஆவி எழும்பிற்று. குழம்பின் வாசம் கொட்டகை முழுக்கப் பரவியது. கண்ணுசாமி இலையைத் தன் பக்கம் இழுத்தான். இழுத்தவன் கை நின்றது.

"உங்க பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. கொஞ்ச நேரம் இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

"நீங்க?"

"நான் அப்பறம் வீட்டுக்குப் போயி..."

"இந்த மழையில எப்ப போயி எப்ப திங்கிறது? விடிஞ்சதுலேருந்து ஒண்ணுந் திங்காம சுட்டுக் கொண்டாந்து, நாங்க முழுங்குறத வேடிக்கை பாக்கப் போறீங்களா?" அவன் கையை இலையிலிருந்து எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டான். "காத்தாயி, அவங்களுக்கும் ஒரு எலையப் போடு. டேய், யாரும் கைய வைக்காத. நேத்துலேருந்து இருந்தாச்சு. இன்னுங் கொஞ்ச நேரத்துல உசுரு போயிடாது."

"ஆறிடுங்க" என்றாள் ஆமினா.

"ஆறட்டும்."

"ஆறிப்போச்சுன்னு நாளைக்குக் காலையில அந்தம்மாகிட்ட கத்துவியே" என்றாள் காத்தாயி.

"கத்துவேன். அது வேற."

காத்தாயி ஒரு டம்ளர் தண்ணீரை ஆமினா முன்னால் வைத்தாள். தகரத்தில் மழை சன்னமாகிவிட்டிருந்தது. இலைகளை முன்னால் வைத்துக்கொண்டு, அத்தனை பேரும் வயலுக்கு அந்தப் பக்கம் ஊர் இருக்கிற திசையில் காதை வைத்திருந்தார்கள். இளவட்டம் ஒருவனுக்கு வயிறு சத்தம் போட்டது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

தண்ணீர் நிற்கிற வயல்களைத் தாண்டி, காற்றில் பாதி அறுந்து, பாங்கு வந்தது.

ஆமினா பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீரைக் குடித்தாள். இடியாப்பத்தைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தாள். சுற்றிலும் கைகள் இறங்கின. நூலைப் பிய்க்கிற, உறிஞ்சுகிற, விரலை நக்குகிற சத்தம் மட்டும். ஒருத்தன் தலையைத் தூக்காமலே இலையை அவள் பக்கம் தள்ளினான், இன்னும் வை என்று. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆள் பசியாகச் சாப்பிடுகிற சத்தத்தை அவள் கேட்டு எத்தனையோ நோன்பு ஆகிவிட்டது. விழுங்கிக்கொண்டு, இடது கையால் கண்ணைத் துடைத்து, அண்டாவை அவன் பக்கம் இழுத்தாள்.